வெறுங்காலுடன் கிளாஸ்கோ சென்ற சலீம்

சென்ற ஷவ்வால் மாதத்தில் உறவினர் இல்லத் திருமணம் ஒன்றின் பொருட்டுத் தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்திலுள்ள தீர்த்தமலைக்குச் சென்றிருந்தேன். மலைமீதுள்ள சிவாலயத்தையும் பாறையினின்று வீழும் தீர்த்தத்தையும் நாடி நாற்புறத்தினின்றும் மக்கள் வந்துபோகும் ஊர் அது. அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு அடிவாரத்துப் பக்கம் காலாற நடந்தேன். கல்லும் முள்ளுமாகக் கிடந்த ஒரு வெற்று நிலத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் பந்து விளையாடிக் கொண்டிருந்தார்கள். கழற்றிப் போட்ட செருப்புகளே அவர்களுக்குக் கோல் கம்பங்கள். எல்லாம் வெறுங்கால்கள். அவர்களுள் ஒருவன் பந்தைக் காலோடு ஒட்டவைத்தாற்போல ஓரமாகவே ஓட்டிச் சென்ற அழகு என்னைச் சற்று நேரம் அங்கேயே நிற்கவைத்துவிட்டது.

அவன் நான் தங்கியிருந்த வீட்டுப் பிள்ளைதான் என்பது மஃரிபுக்குப் பிறகே தெரிந்தது. அவனுடைய தந்தை எனக்குத் தம்பி முறை. "அண்ணே, இவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லிவிட்டுப் போங்கள். எந்நேரமும் பந்து, பந்து என்றே திரிகிறான். பந்து சோறு போடுமா?" என்று என்னிடம் முறையிட்டார். பிள்ளை தலைகுனிந்து நின்றான். பின்னர் அவனைத் தனியே அழைத்து விசாரித்தேன். பள்ளி அணியில் அவனைச் சேர்த்திருந்தார்கள். வெளியூரில் நடந்த போட்டியில் எதிரணியினர் அனைவரும் பூட்ஸ் அணிந்து இறங்கியதைக் கண்டு, தான் மட்டும் வெறுங்காலோடு நிற்க வெட்கமுற்று, வயிற்றுவலி என்று கூறி உட்கார்ந்துவிட்டானாம். அத்தாவிடம் பூட்ஸ் கேட்கவோ அவனுக்குத் துணிவில்லை.

அன்றிரவு உணவுக்குப் பின் தந்தையையும் மகனையும் பாயில் அமரவைத்துக்கொண்டு ஒரு மனிதரின் வரலாற்றைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்ல விரும்புகின்றேன். கிரிக்கெட் வீரர்களின் பெயர்களைத் தூக்கத்திலும் ஒப்பிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் இவருடைய பெயரைக் கேள்விப்பட்டதேயில்லை. பிள்ளைகளை விடுங்கள், பெரியவர்களாகிய நாமும்தான் கேள்விப்பட்டதில்லை!

மட்டியாபுருஜ் பையன்

கல்கத்தா மாநகரில் ஹூக்ளி நதிக்கரையோரமாக மட்டியாபுருஜ் என்றொரு பகுதி உண்டு. அவத் நாட்டின் கடைசி நவாபான வாஜித் அலீ ஷா 1856-ல் ஆங்கிலேயரிடம் அரசைப் பறிகொடுத்துவிட்டு வந்து தங்கி, 1887-ல் கண்மூடியது அங்கேதான். நவாபின் சுவடுகளும் தையற்காரர்களின் இயந்திர ஓசையும் கலந்த முஸ்லிம் பேட்டை அது. அங்கே 1904-ல் எளிய குடும்பமொன்றில் பிறந்தவர் முஹம்மது சலீம்.

அவருக்கு ஏழு வயதிருக்கும்போது கல்கத்தாவை உலுக்கிய ஒரு நிகழ்ச்சி நடந்தது. 1911 ஜூலை 29 அன்று, ஐ.எஃப்.ஏ. கேடயத்திற்கான இறுதி ஆட்டத்தில், மோகன் பகான் என்ற இந்திய அணி ஆங்கிலேயரின் கிழக்கு யார்க்ஷயர் படையணியை 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது. வென்றவர்களுள் ஒருவரைத் தவிர ஏனையோர் அனைவரும் வெறுங்காலர்கள். பூட்ஸ் அணிந்த வெள்ளைச் சிப்பாய்களை வெறுங்காலர்கள் வீழ்த்திய செய்தி வங்காளத்துத் தெருக்களில் எத்தகைய உணர்ச்சியைக் கிளப்பியிருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அந்நாள் முதல் கால்பந்து அங்கே வெறும் விளையாட்டாக இருக்கவில்லை. அடிமைப்பட்டவர்கள் ஆண்டவர்களுக்கு நேராக நின்று பதில் சொல்லக் கிடைத்த மைதானமாயிற்று.

சலீம் மருந்தாளுநர் பயிற்சி பெற்றவர். வீட்டாரின் கணக்குப்படி அதுதான் சோறு போடும் தொழில். ஆனால் மனமோ பந்தில் இருந்தது. 1926-ல் பௌபஜாரிலிருந்த சித்தரஞ்சன் கிளப்பில் ஆடத் தொடங்கிய அவர், பிறகு முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கிளப்பின் இரண்டாம் அணி, ஸ்போர்ட்டிங் யூனியன், ஈஸ்ட் பெங்கால், ஆரியன்ஸ் என்று ஒவ்வோர் அணியாக மாறிச் சென்றார். அக்காலத்தில் இந்திய வீரர்களுக்கு ஆட்டத்திற்கென்று ஊதியம் கிடையாது. கைக்காசை இழந்துதான் விளையாட வேண்டும். வலப்புற முன்கள வீரரான அவருக்கு ஓட்டமும் உண்டு, அதைவிடப் பந்தைக் கால்விரல்களில் ஏந்தி விளையாட்டுக் காட்டும் வித்தையும் உண்டு.

1934: ஐந்தாண்டு வெற்றி

1934-ல் அவர் மீண்டும் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கிளப்புக்குத் திரும்பினார். இந்தக் கிளப்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். 1891-ல் கல்கத்தா முஸ்லிம்கள் அமைத்த மன்றம் அது. நெடுங்காலம் கீழ்ப்பிரிவுகளிலேயே கிடந்து, 1934-ல்தான் கல்கத்தா லீக்கின் முதற்பிரிவுக்குள் நுழைந்தது. நுழைந்த ஆண்டிலேயே பட்டத்தை வென்றது! 1898-ல் தொடங்கிய அந்த லீக்கில் அதுவரை எந்த இந்திய அணியும் முதலிடம் பெற்றதில்லை. ஓராண்டு வெற்றியை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடலாம். 1934, 1935, 1936, 1937, 1938 என்று தொடர்ந்து ஐந்தாண்டுகள் அப்பட்டம் அவர்களிடமே இருந்தது. 1936-ல் ஐ.எஃப்.ஏ. கேடயத்தையும் சேர்த்தே வென்றார்கள்.

வெற்றியின் இரகசியம் என்ன? பெஷாவர்ப் பக்கத்திலிருந்து பெங்களூர் வரையில் தேடித் தேடி நல்ல வீரர்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மழைக்காலச் சேற்றில் வெறுங்கால் வழுக்கும் என்பதால், ஈர மைதானத்தில் பூட்ஸ் அணிந்து ஆடவும் தம் வீரர்களைப் பழக்கினார்கள். ஆங்கிலேயப் படையணிகள் மழையை நம்பியே பல ஆட்டங்களை வென்று வந்தன. அந்தச் சாதகம் இவர்களிடம் பலிக்கவில்லை.

பெங்களூர் என்று சொன்னதும் தீர்த்தமலைச் சகோதரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பக்கத்து இளைஞர்கள் பிழைப்புக்குப் போகும் ஊரல்லவா? ஆம், அதே பெங்களூரில் 'பெங்களூர் முஸ்லிம்ஸ்' என்றோர் அணி இருந்தது. 1937-ல் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை இந்திய அணிகளுள் முதன்முதலாக வென்றது அந்த அணிதான். அவ்வாண்டு இறுதி ஆட்டத்தில் அவர்களிடம் தோற்றது யார் தெரியுமா? புகழின் உச்சியிலிருந்த முஹம்மதன் ஸ்போர்ட்டிங்! அடுத்த ஆண்டும் பெங்களூர்க்காரர்களே கோப்பையை வைத்துக்கொண்டார்கள். நம் வாசலிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் நடந்த இச்செய்திகளை நம் பிள்ளைகளுக்கு யார் சொன்னார்கள்?

காணாமற்போன வீரர்

இனி சலீமின் கதைக்கு வருவோம். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்றுகொண்டிருந்த சீன அணி வழியில் இந்தியாவிலும் ஆடியது. கல்கத்தாவில் அகில இந்திய அணியோடு இரண்டு ஆட்டங்கள் ஏற்பாடாயின. முதல் ஆட்டத்தில் சலீமின் திறமை எதிரணியினராலும் பாராட்டப்பெற்றது. இரண்டாம் ஆட்டத்திற்கு ஆளைக் காணோம்! கால்பந்துச் சங்கத்தார் தேடினார்கள். பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். காவல்துறைக்கும் தகவல் போயிற்று. சலீமோ கப்பலில் இருந்தார்.

நடந்தது இதுதான். இங்கிலாந்தில் வசித்துவந்த ஹாஷிம் என்ற உறவினர் அப்போது கல்கத்தா வந்திருந்தார். சீனருடனான முதல் ஆட்டத்தைப் பார்த்த அவர், 'இந்தக் கால்கள் இங்கேயே முடங்கிவிடக்கூடாது, ஐரோப்பாவில் ஒரு கை பார்க்கவேண்டும்' என்று சலீமை இணங்கவைத்துவிட்டார். இருவரும் 'சிட்டி ஆஃப் கெய்ரோ' என்ற கப்பலில் புறப்பட்டு, கெய்ரோ வழியாக இலண்டன் சேர்ந்து, சில நாள் தங்கி, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குச் சென்றார்கள். சலீமுக்கு ஆங்கிலம் தெரியாது. அப்போது வயது முப்பத்திரண்டு. பந்தாட்டக்காரர்கள் பலர் ஓய்வை எண்ணத் தொடங்கும் வயது அது. சொல்லாமற் கொள்ளாமல் நாட்டு அணியை விட்டுச் சென்றது சரியல்ல என்றே நான் கருதுகிறேன். சகோதரரின் மகனிடமும் அதை மறைக்காமல் சொன்னேன். ஆனால் முறைப்படி அனுமதி கேட்டிருந்தால் அந்தக் காலத்தில் யார் கொடுத்திருப்பார்கள் என்ற கேள்வியும் எழத்தான் செய்கிறது.

அவர்கள் தட்டிய கதவு, செல்டிக் கிளப்பின் கதவு. அது சாதாரண அணியன்று. 1935-36ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து லீக் பட்டத்தை அப்போதுதான் வென்றிருந்தது. அதன் மேலாளர் வில்லி மேலி 1897 முதல் அப்பதவியில் இருந்துவந்த பழுத்த மனிதர். ஹாஷிம் அவரிடம் சென்று, இந்தியாவிலிருந்து ஒரு சிறந்த ஆட்டக்காரர் வந்திருக்கிறார், சோதித்துப் பாருங்கள் என்றார். கூடவே ஒரு சிறு சங்கடத்தையும் சொன்னார்: அவர் வெறுங்காலோடுதான் ஆடுவார்!

மேலிக்குச் சிரிப்பு வந்ததாகச் சொல்கிறார்கள். வராமல் என்ன செய்யும்? இரும்பு போன்ற பூட்ஸ் அணிந்து முட்டி மோதும் ஸ்காட்லாந்து வீரர்களுக்கு நடுவே பாதத்தில் ஒன்றுமின்றி ஒருவர்! எனினும் அவர் விரட்டிவிடவில்லை. சோதனை ஆட்டத்திற்கு இசைந்தார். மன்ற உறுப்பினர்கள் ஆயிரம் பேரும் பயிற்சியாளர்கள் மூவரும் பார்த்திருக்க, சலீம் தம் வித்தையைக் காட்டினார். அடுத்த ஆட்டத்தில் அவரை இறக்குவது என்று முடிவாயிற்று.

பத்து விரல்கள்

அக்காலத்துப் புகைப்படம் ஒன்று இன்றும் காணக்கிடைக்கிறது. செல்டிக்கின் பழைய நட்சத்திர வீரரும் அப்போதைய பயிற்சியாளருமான ஜிம்மி மெக்மெனமி குனிந்தவாறு சலீமின் பாதங்களுக்குத் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். இந்தியாவை வெள்ளையர் ஆண்ட காலம் என்பதை மறவாதீர்கள். கல்கத்தாவில் எந்த வெள்ளையர் ஓர் இந்தியரின் காலடியில் அப்படிக் குனிந்திருப்பார்?

ஹாமில்ட்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் செல்டிக் 5-1 என்று வென்றது. கால்ஸ்டன் அணிக்கு எதிராக 7-1. அந்த ஏழு கோல்களில் மூன்று, சலீம் எடுத்துக் கொடுத்த பந்துகளில் விளைந்தவை. பெனால்டி அடிக்கும்படி அவரை அழைத்தபோது கூச்சத்தால் மறுத்துவிட்டார். ஊரே கைதட்டும் ஆட்டக்காரருக்குப் பெனால்டி அடிக்க வெட்கம்! 1936 ஆகஸ்ட் 29 தேதியிட்ட ஸ்காட்லாந்துப் பத்திரிகையொன்று அவரை இந்தியச் செப்பிடு வித்தைக்காரர் என்று தலைப்பிட்டு வருணித்தது. பந்தைப் பெருவிரலில் நிறுத்தி, சுண்டுவிரல் வரை உருட்டி, சுழற்றி, ஒற்றைக் காலில் தாவி எதிரியைக் கடந்துவிடுகிறார் என்றும், அவருடைய பத்துக் கால்விரல்கள் கூட்டத்தை மயக்கிவிட்டன என்றும் அதன் செய்தியாளர் எழுதினார்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. நம்மவர் சிலர் இக்கதையைச் சொல்லும்போது செல்டிக்கின் முதல் அணியில் அவர் ஆண்டுக்கணக்கில் ஆடியது போல வளர்த்துவிடுகிறார்கள். அவர் ஆடியவை அலையன்ஸ் லீக் எனப்பட்ட இரண்டாம் அணிக்குரிய ஆட்டங்கள். உண்மையே போதுமானதாக இருக்கும்போது மிகை எதற்கு? ஐரோப்பிய மன்றமொன்றுக்காக ஆடிய முதல் இந்தியர் என்றே கால்பந்து வரலாற்றாசிரியர்கள் அவரைக் குறிப்பிடுகிறார்கள். அதுவும் வெறுங்காலோடு.

ஐந்து சதவீதம்

சில மாதங்களிலேயே சலீமை வீட்டு நினைவு வாட்டத் தொடங்கியது. மொழி தெரியாத ஊர், பழக்கமில்லாத குளிர், உறவினர் ஒருவரைத் தவிர வேறு துணையில்லை. ஊர் திரும்ப வேண்டும் என்றார். செல்டிக் நிர்வாகத்தினர் அந்தப் பருவம் முழுவதும் இருக்கும்படி வற்புறுத்தினார்கள். அவருடைய சிறப்புக்காக ஓர் ஆட்டம் நடத்தி, நுழைவுக் கட்டண வசூலில் ஐந்து சதவீதத்தை அவருக்குத் தருவதாகவும் சொன்னார்கள். ஐந்து சதவீதம் என்றால் எவ்வளவு என்பதே சலீமுக்குப் புரியவில்லை. அந்த ஆட்டத்திற்குச் சிறப்பு விருந்தினராக அநாதைக் குழந்தைகளை அழைத்திருந்தார்கள். என் பங்கை அந்த எத்தீம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். பிறகு தொகையைக் கேட்டபோது திகைத்தாராம். ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

அந்தத் தொகை 1,800 பவுண்டு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அன்றிரவு தீர்த்தமலை வீட்டில் பையனைக் கொண்டே கணக்குப் போடவைத்தேன். 1,800 பவுண்டு ஐந்து சதவீதமென்றால் மொத்த வசூல் 36,000 பவுண்டு. ஒரு பவுண்டுக்கு இருபது ஷில்லிங். தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம் என்று வைத்துக்கொண்டால் ஏழு இலட்சத்து இருபதினாயிரம் பேர் வந்திருக்க வேண்டும்! எந்த மைதானம் அத்தனை பேரைக் கொள்ளும்? வாய்வழியாக வந்த கதையில் எண் எங்கோ பெருத்துவிட்டது. தொகை பத்தில் ஒரு பங்காகவே இருந்திருக்கட்டும். 180 பவுண்டு அன்றைய கல்கத்தாவில் ஒரு மருந்தாளுநருக்குப் பெருஞ்செல்வந்தான்.

நான் வியப்பது வேறொன்றை. செல்டிக் கிளப் தோன்றிய வரலாறு சலீமுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அயர்லாந்தின் பஞ்சத்தாலும் வறுமையாலும் விரட்டப்பட்டு கிளாஸ்கோவின் கீழ்ப்பகுதியில் குடியேறிய கத்தோலிக்க ஏழைகளின் பிள்ளைகள் பசியால் வாடுவதைக் கண்டு, அவர்களுக்கு உணவளிக்கப் பணம் திரட்டுவதற்காக, பிரதர் வால்ஃப்ரிட் என்ற கிறிஸ்தவத் துறவி 1887-ல் தொடங்கியது அந்த மன்றம். அரை நூற்றாண்டு கழித்து, கடல் கடந்து வந்த ஒரு முஸ்லிம், அதே மைதானத்தில் கிடைத்த பணத்தை அதே போன்ற பிள்ளைகளின் கையிலேயே சேர்த்துவிட்டுப் போனார். எத்தீம்களை ஆதரிப்போர் சுவனத்தில் தம்மோடு இருப்பர் என்று இரு விரல்களைச் சேர்த்துக் காட்டிய நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தில் ஒருவரல்லவா?

ஜெர்மனியிலும் ஒரு பருவம் ஆடுவதற்கு அழைப்பு வந்ததாகவும் அதையும் ஏற்கவில்லை என்றும் சொல்லப்படுகிறது. கல்கத்தா திரும்பினார். முஹம்மதன் ஸ்போர்ட்டிங் அணியில் மீண்டும் இறங்கினார். அந்த அணியின் ஐந்தாண்டு வெற்றிமாலையின் கடைசிப் பூக்கள் அவர் திரும்பிய பின் கோத்தவை.

அத்தாவின் கேள்விகள்

கதையை இந்த அளவில் நிறுத்தியதும் சகோதரர் கேட்டார்: "பணத்தையும் வேண்டாம் என்றார், இருக்கவும் மாட்டேன் என்றார். அப்படியானால் அந்த ஓட்டத்தால் அவருக்கு என்ன லாபம், அண்ணே?" நியாயமான கேள்வி. என்னிடம் உடனே பதில் இல்லை. குடும்பத்தைக் காக்கவேண்டிய ஒரு தந்தை கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? அக்காலத்தில் பந்தாட்டம் சோறு போடவில்லை என்பது உண்மை. இன்று நிலை அவ்வளவு மோசமில்லை என்பதை மட்டும் அவருக்கு எடுத்துச் சொன்னேன். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் விளையாட்டு விடுதிகளை நடத்துகிறது. ஆண்டுதோறும் தேர்வுப் போட்டி வைத்துப் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். தங்குமிடம், உணவு, பயிற்சி, படிப்பு யாவும் உண்டு. ரயில்வே போன்ற துறைகளில் விளையாட்டு வீரர்களுக்கென வேலைவாய்ப்பும், கல்லூரிகளில் தனி இடங்களும் இருக்கின்றன. பக்கத்துச் சேலம் மாவட்டத்தின் பெரியவடகம்பட்டியிலிருந்து சென்ற மாரியப்பன் 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வென்றார். சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-ல் ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவுக்காகப் பந்து வீசினார். இருவரும் வசதியான வீட்டுப் பிள்ளைகளல்லர். ஆனால் ஒன்று: விடுதிக்கு விண்ணப்பிப்பவர்களில் சிலருக்கே இடம் கிடைக்கும். படிப்பை விட்டுவிட்டு ஓடச் சொல்லும் அறிவுரையை நான் யாருக்கும் வழங்கமாட்டேன். சலீமும் மருந்தாளுநர் தொழிலைக் கற்றுவைத்துக்கொண்டுதான் ஓடினார்.

அவருடைய இரண்டாவது கேள்வி: "அந்தக் கூட்டத்தில் சேர்ந்தால் தொழுகை, நோன்பு என்னாவது?" பல வீடுகளில் இந்த அச்சம் இருப்பதை அறிவேன். விளையாட்டே வீண் என்று கருதுவோர்க்கு, நாயகம் (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி நினைவிருக்கட்டும். முதலில் அன்னையார் முந்தினார்கள். பின்னொரு நாள் நாயகம் அவர்கள் முந்திவிட்டு, அதற்கு இது ஈடாயிற்று என்று மகிழ்ந்து சொன்னார்கள்.

மார்க்கத்தைப் பேணியவாறே களத்தில் நின்றவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி, எதிரிகள் பாய்ந்து வீழ்த்துமுன் எல்லையைக் கடக்கும் முரட்டு ஆட்டம். கோடிக்கணக்கில் பணம் புரளும் தொழில் அது. அமெரிக்க லீக்கில் ஆடிய ஹுசைன் அப்துல்லாஹ் என்பவர், 2012-ல் தம் சகோதரர் ஹம்சாவுடன் அந்தப் பருவம் முழுவதையும் விட்டுவிட்டு ஹஜ்ஜுக்குச் சென்றார். அடுத்த ஆண்டு வேறோர் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. 2014 செப்டம்பரில் எதிரணியின் பந்தை இடைமறித்துப் பிடித்து ஓடி எல்லையைக் கடந்தவர், அங்கேயே ஸஜ்தாவில் வீழ்ந்தார். நடுவர்கள் அதைக் குற்றமென்று தண்டனை கொடுத்தார்கள். மறுநாளே லீக் நிர்வாகம், அது தண்டிக்கத் தக்கதன்று என்று அறிவித்தது. கனடாவில் ஓபி கான் என்பவர் வின்னிபெக் முதலான அணிகளில் ஆடினார். பாகிஸ்தானிலிருந்து குடியேறிய பெற்றோரின் பிள்ளை. 2022-ல் மனிடோபா மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் முஸ்லிம் அவர்.

பையனின் கவலை வேறு. "அப்படியானால் மாமா, வெறுங்காலோடு ஆடுவது தப்பில்லையா?" என்றான். அவனுக்கு 1948-ஐச் சொன்னேன். விடுதலை பெற்ற மறு ஆண்டு, இலண்டன் ஒலிம்பிக்கில், ஜூலை 31 அன்று இந்திய அணி பிரான்சைச் சந்தித்தது. நம்மவர் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். ராமன் ஒரு கோல் போட்டார். இரண்டு பெனால்டிகளை வீணாக்கியதால் 2-1 என்று தோற்றோம். வெறுங்கால் அன்று நம்மைத் தோற்கடிக்கவில்லை. ஆனால் 1952-ல் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று நொறுங்கிய பிறகு பூட்ஸ் கட்டாயமாயிற்று. ஆகவே வெறுங்காலுக்கு வெட்கப்படவும் வேண்டாம், அதையே பெருமையாகப் பிடித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம் என்றேன்.

நூறு பவுண்டு

சலீமின் கடைசி நாட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதுமையில் அவர் நோயுற்றிருந்தபோது, அவருடைய மகன் செல்டிக் கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். தந்தையார் உடல்நலம் குன்றியிருக்கிறார், சிகிச்சைக்குப் பணம் தேவைப்படுகிறது என்று அதில் கண்டிருந்தது. பணம் பெறுவது அவருடைய நோக்கமன்று என்று பின்னாளில் அவரே சொன்னார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் தம் தந்தையின் பெயர் அங்கே யாருக்கேனும் நினைவிருக்கிறதா என்று அறியவே எழுதினாராம். கிளாஸ்கோவிலிருந்து பதில் வந்தது. உறைக்குள் நூறு பவுண்டுக்கு ஒரு வங்கி வரைவோலை இருந்தது. மகன் அதை மாற்றவில்லை. சாகும்வரை அப்படியே பாதுகாப்பேன் என்று வைத்துக்கொண்டார்.

1980 நவம்பர் 5 அன்று சலீம் மறைந்தார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்தருள்வானாக.

மறுநாள் காலை அரூர் செல்லும் பேருந்துக்காக நின்றபோது சகோதரரும் உடன் வந்திருந்தார். வெகுநேரம் வேறேதேதோ பேசினார். மாம்பழ விளைச்சல், மழை, திருமணச் செலவு. பிறகு, "அண்ணே, அந்த பூட்ஸ் என்ன விலை இருக்கும்?" என்றார். எனக்குத் தெரிந்த விலையைச் சொன்னேன். சற்று யோசித்தார். "பரீட்சை முடியட்டும், பார்ப்போம்" என்றார். அதற்குள் பேருந்து வந்துவிட்டது.